அறிவித்தல்

இந்தச் சொல்லை எழுதியதும்
கை தானாகவே அடுத்த வரிக்குப் போனது:
'உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும்
ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.'
எங்கள் பத்திரிகைகளில்
இந்தத் தலைப்பின்கீழ் வருகிறவர்கள்
பெரும்பாலும் இறந்தவர்கள்.
அழித்தேன்.
ஜெல்லிமீன்கள் சாகவில்லை,
பெருகுகின்றன. அதுதான் பிரச்சினை.
அதற்குத்தான் கூட்டம்.

மட்டக்குளியில்,
களனி கங்கை கடலைக் கலக்குகிற இடத்துக்குக்
கூப்பிடு தூரத்தில் எங்கள் ஆய்வுகூடம்.
மண்டபத்தில் நாற்பது கதிரை.
சுழலுகிற மின்விசிறி மூன்று.
வரமுடியாத உலகத்துக்கு ஒரு கமரா.
ஆங்கிலம் பணிப்பாளர் எழுதினார்,
சிங்களம் தில்ருக்ஷி,
தமிழ் என் தலையில்.
திகதி மேலே, மூவருக்கும் பொது.
எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடுக்கியபோது
தமிழுக்கு மிஞ்சியது
அடியில் அரை அங்குலம்.
'ஜெல்லிமீன் பெருக்கம்: ஆய்வரங்கு.
மட்டக்குளி. வெள்ளி பி.ப. 3.30.
அனைவரும் வருக.'
அனைவரும் என்று எழுதும்போது
ஒருவரையும் நினைக்கவில்லை.

செவ்வாய் காலை அனுப்பினோம்.
தேநீர் ஆறமுன்னம்
பூசானில் ஒருவர் தன் மாணவர்களுக்குத் தள்ளிவிட்டார்.
மத்தியானத்துக்குள் டாக்கா, மொம்பாசா,
பெயர் வாசிக்கத் தெரியாத ஒரு தீவு.
சான்றிதழ் உண்டா என்றார்கள்.
சாப்பாடு சைவமா என்று
வரப்போகாத ஒருவர் கேட்டார்.
வால்பரைசோவிலிருந்து இக்னேசியா மட்டும்
'உங்கள் மூன்றரை எனக்கு எத்தனை மணி?'

நல்ல கேள்வி.
பாதி உலகம் முழுமணியாய்க் கணக்குப் பார்க்கிறது.
நாங்கள் ஓர் அரைமணியை
மடியில் முடிந்து வைத்திருக்கிறோம்.
பதில் போட மறந்தேன்.
தானே கூட்டிக் கழித்து
அரைமணி முந்தி வந்துவிட்டாள்,
விடியாத ஐந்தரைக்கு.
நான் கதிரை இழுப்பதை,
மூக்கைச் சொறிவதை,
ஒலிவாங்கியைத் திட்டுவதை
முப்பது நிமிடம் பேசாமல் பார்த்திருந்து
கடைசியில் சொன்னாள்:
'மூன்றாம் வரிசை, ஓரக் கதிரை. ஒரு கால் கட்டை.'

கூட்டம் நடந்தது.
மண்டபத்தில் பதினேழு பேர், திரையில் இருநூற்றுச் சொச்சம்.
படம் எடுத்தோம். கதிரைகளை அடுக்கினோம்.

அடுத்த வெள்ளி, மூன்று மணி.
வாசலில் ஆள் நிற்பதாகக் காவலாளி சொன்னார்.
பேசாலையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவர்,
சவிரியான் குரூஸ்.
கக்கத்தில் துவாய் சுற்றிய ஹோர்லிக்ஸ் போத்தல்.
கைபேசியை நீட்டினார்.
எத்தனை கை மாறியதோ,
யாரோ மேற்பக்கத்தை வெட்டியிருந்தார்கள்.
ஆங்கிலம் இல்லை, சிங்களம் இல்லை, திகதி இல்லை.
என் அரை அங்குலம் மட்டும்
ஊதிப் பெருத்து, மங்கி,
திரை முழுக்க.

'ஜெல்லிமீன் எண்டு போட்டிருக்கு.
நாங்கள் சொறி எண்டுறது.
ரெண்டும் ஒண்டோ எண்டு
கேக்கத்தான் வந்தனான்.'

சட்டைக் கையை மடித்தார்.
முழங்கை வரை சிவந்த கோடுகள்,
வலையின் கண்ணிகளைப் போல
ஒன்றுக்குள் ஒன்று.

கூட்டம் முடிந்துவிட்டது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
மணி மூன்றரை.
மண்டபத்தைத் திறந்து, கமராவைப் போட்டு,
வால்பரைசோவை எழுப்பினேன்.
இக்னேசியா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு
முதலில் சொன்னது:
'அவரை அதில் இருத்தாதே, ஆடும்.'

போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.
உப்புத் தண்ணீரில் ஒரு மேகம் திரும்பிப் படுத்தது.
அவள் எட்டி எட்டிப் பார்த்தாள்.
எந்த மாதம் வருகிறது, கேள் என்றாள்.
அவர் மாதம் சொல்லவில்லை, காற்றைச் சொன்னார்:
'சோளகம் எழும்ப முன்னம்.'
சோளகத்துக்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை.
ஓசையை அப்படியே அனுப்பினேன்.
அவள் தன் எழுத்தில் எழுதி,
சரியா என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

போகும்போது,
மாதிரியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.
'சொறியை வச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி,
போத்தலைத் தாங்கோ.
வீட்டில தேடுவா.'